சோங்-குல் ஏரி: போறது இருக்கட்டும், திரும்பி வர வண்டி இருக்கா?

"கிர்கிஸ்தான்ல குதிரை சவாரி போகணும், எப்படிப் போறது?" போன மாசத்துல மட்டும் இதே கேள்வியை மூணு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க. 2023 ஜூலைல நான் அங்க போயிட்டு வந்தவன் என்பதால், ஏதோ அந்த ரூட்டுக்கே நான்தான் கண்டக்டர்னு நினைச்சுட்டாங்க போல. தனித்தனியா பதில் சொல்லி மாளல. அதான் இந்தப் பதிவு.

கேட்ட மூணு பேருமே கேட்டது ஒண்ணுதான். "சீக்கிரமா போக எது வழி? சீப்பா போக எது வழி?" ரெண்டுமே தப்பான கேள்விங்கறது என் கருத்து. அதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு, 3016 மீட்டர் உயரத்துல, என் மச்சான் கூடாரத்துக்கு வெளியே மண்டி போட்டு வாந்தி எடுத்துக்கிட்டிருந்தப்போ தெரிஞ்சுக்கிட்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ரூட்டு.

சோங்-குல் கிர்கிஸ்தானோட ரெண்டாவது பெரிய ஏரி. முதலாவது இஸ்ஸிக்-குல். சோங்-குல்லைச் சுத்தி ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் புல்லும் மலையும்தான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கீழே இருக்கற ஊர்க்காரங்க ஆடு, மாடு, குதிரையோட மேல ஏறி வந்து வட்டக் கூடாரம் போட்டுத் தங்குவாங்க. அந்தக் கூடாரத்துக்கு அவங்க பாஷையில 'போஸ் உய்'. நாம தங்கறதும் அதுலதான். மிச்ச மாசமெல்லாம் ஏரி உறைஞ்சு, கணவாய்கள்ல பனி மூடிக் கிடக்கும். அதனால எந்த வண்டியில போறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி எந்த மாசம் போறதுன்னு முடிவு பண்ணுங்க. மே மாசம் பசங்களுக்கு லீவுன்னு கிளம்பிடாதீங்க, கணவாயே திறந்திருக்காது.

விமானம்

சென்னையில இருந்து நேரடி விமானம் கிடையாது. ரெண்டு விதமா போகலாம்.

ஒண்ணு, வளைகுடா வழி. துபாய் மாதிரி ஒரு ஊர்ல மாறி, தலைநகர் பிஷ்கெக்கோட மனாஸ் விமான நிலையத்துல இறங்கறது. நாங்க இப்படித்தான் போனோம். பிஷ்கெக்ல நம்ம பசங்க நிறைய பேர் மருத்துவம் படிக்கறாங்க. விமானத்துல பக்கத்து சீட்டுத் தம்பி மதுரைக்காரர், லக்கேஜ்ல பாதி புளியும் மிளகாய்த்தூளும்தான்னு பெருமையா சொன்னார் :-)

இன்னொண்ணு, டெல்லி போய் அங்கிருந்து கஜகஸ்தானோட அல்மாட்டிக்குப் பறந்து, மிச்சத்தை ரோட்டுல போறது. 2022 ஜூலையில இருந்து இந்தியர்களுக்கு அங்கே 14 நாள் வரை விசா வேண்டாம்னு ஆனதால இது பிரபலமாச்சு. 2023ல இண்டிகோ டெல்லி-அல்மாட்டி விமானம் விட்டப்போ எல்லாரும் குதூகலமானாங்க. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடினதும், சுத்திப் போக அந்தச் சின்ன விமானத்தோட தூரம் பத்தாதுன்னு சேவையை நிறுத்தினாங்க. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால டிக்கெட் போடும்போது விலையோட சேர்த்து யாரோட விமானம்னும் பாருங்க.

அல்மாட்டியில இருந்து பிஷ்கெக் சுமார் 240 கிலோமீட்டர். கோர்தாய்ங்கற இடத்துல எல்லை. வண்டியை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சைத் தூக்கிட்டு, கவுண்டர் கவுண்டரா நின்னு, சூ ஆத்துப் பாலத்தை நடந்தே கடக்கணும். கோடையில கூட்டம் நெரியும். நாலு மணி நேரப் பயணம்னு கூகுள் சொல்லும், ஆனா கூகுள் க்யூவுல நிக்கறதில்லையே!

இதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. 2024 மார்ச் 1ல இருந்து கஜகஸ்தான் முழுக்க ஒரே நேரம் ஆக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி அல்மாட்டிக்கும் பிஷ்கெக்குக்கும் கடிகாரம் ஒண்ணு. இப்போ அல்மாட்டி ஒரு மணி நேரம் பின்தங்கி இருக்கு. போகும்போது ஒரு மணி நேரம் காணாமப் போகும், வரும்போது திரும்பக் கிடைக்கும். பழைய பயணக் குறிப்புகளைப் படிச்சு நேரம் கணக்குப் போட்டா உதைக்கும்.

கிர்கிஸ்தானுக்கு நமக்கு இ-விசா. எந்த எல்லை வழியா நுழையப் போறீங்களோ அது இ-விசா ஏத்துக்கற இடங்களோட பட்டியல்ல இருக்கான்னு பாத்துக்கங்க. எல்லா வாசலும் திறந்திருக்காது.

பிஷ்கெக் முதல் கோச்கோர் வரை

கோச்கோர் ஒரு சின்ன ஊர். சோங்-குல் போறவங்களுக்கு அதுதான் கடைசி டவுன். மருந்துக்கடை, சந்தை, ஏடிஎம், எல்லாம் அங்கயோட சரி. பிஷ்கெக்ல இருந்து 200 கிலோமீட்டர் சுமார், நல்ல தார் ரோடு, மூணு மூணரை மணி நேரம். சூ ஆறு ஓடற பூம் பள்ளத்தாக்கு வழியா ரோடு போகும். தூங்கிடாதீங்க.

இதுக்கு வழி மூணு. முதலாவது மர்ஷ்ருத்கா. அதாவது மினி வேன். மேற்கு பஸ் நிலையத்துல இருந்து கிளம்பும். எப்போ கிளம்பும்? நிறைஞ்சா கிளம்பும். நம்மூர் ஷேர் ஆட்டோ தத்துவம்தான். ரெண்டாவது ஷேர் டாக்ஸி, நாலு பேர் சேர்ந்தா நகரும். பொறுமை இல்லாதவங்க நாலு சீட்டு காசையும் கொடுத்துட்டா உடனே நகரும். மூணாவது கோடை ரயில். பிஷ்கெக்ல இருந்து இஸ்ஸிக்-குல் கரையில இருக்கற பாலிக்சி வரைக்கும் ஓடும். ரொம்ப மெதுவு. அங்க இறங்கி வேற வண்டி பிடிச்சுத்தான் கோச்கோர் போகணும். ரயில் பைத்தியங்களுக்கு மட்டும்.

சொந்தமா கார் வாடகைக்கு எடுத்து ஓட்டலாமேன்னு கேட்பீங்க. ஓட்டலாம். வலப்பக்கப் போக்குவரத்து, மேலே போகப் போக ஜல்லி ரோடு, கொண்டை ஊசி வளைவு. நானே ஓட்டுவேன்னு அடம் பிடிக்கறவங்களை நான் தடுக்கல. என்னைக் கூப்பிடாதீங்க, அவ்வளவுதான்.

கோச்கோர் முதல் ஏரி வரை: இங்கதான் மேட்டர்

இங்க ரெண்டு வழி பிரியும்.

கார் வழி: கோச்கோர்ல இருந்து கால்மாக்-அஷு கணவாய் (3447 மீட்டர்) ஏறி இறங்கினா ஏரி. ரெண்டு மூணு மணி நேரத்துல போயிடலாம். அங்க போய் இறங்கி, ஏரிக்கரையில குதிரை ஏறிக்கலாம்.

குதிரை வழி: கோச்கோர்ல இருந்து கிசார்ட்ங்கற கிராமம் வரைக்கும் கார், ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம். அங்க குதிரை ஏறினா முதல் நாள் ராத்திரி கிலெம்சே மேய்ச்சல் நிலம். அது ஏரியை விட தாழ்வு. மறுநாள் ஜல்கிஸ்-கராகாய் கணவாய் (சுமார் 3400 மீட்டர்) ஏறி இறங்கினா பட்டாய்-அரால், ஏரியோட கரை. மூணாவது நாள் வேற கணவாய் வழியா கிசார்ட் திரும்பலாம்.

எங்களுக்கு இருந்தது மொத்தம் ஒம்பது நாள் லீவு. திட்டம் போட்டது நான். ஒரு நாள் மிச்சம் பிடிக்கறேன் பேர்வழின்னு, விடிகாலை விமானத்துல இறங்கினதும் நேரா காரைப் பிடிச்சு அன்னிக்கு சாயங்காலமே ஏரிக்குப் போயிடணும்னு முடிவு பண்ணேன். "ராத்திரி முழுக்க ஃப்ளைட்டு, ஒரு நாள் அந்த ஊர்லயே படுத்து எந்திரிச்சுப் போலாமேங்க"ன்னு வீட்டம்மா சொன்னாங்க. "கோச்கோர்ல பார்க்க என்ன இருக்கு?"ன்னு கேட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு, இதே வார்த்தை.

இப்போ கணக்கைப் பாருங்க. பிஷ்கெக் சுமார் 800 மீட்டர். கோச்கோர் சுமார் 1800, நம்ம ஊட்டியை விடக் குறைச்சல். ஏரி 3016. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியே 2695 மீட்டர்தான். சென்னையில கடல் மட்டத்துல படுத்துக்கிட்டிருந்த உடம்பை, ஒரே நாள்ல ஆனைமுடிக்கு மேல முந்நூறு மீட்டர்ல கொண்டு போய்ப் படுக்க வெச்சேன். கடல் மட்டத்துல இருந்து போறவங்க முதல் ராத்திரியே 2750 மீட்டருக்கு மேல தூங்காதீங்க, 3000க்கு மேல போயிட்டா தூங்கற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்கன்னு மருத்துவர்கள் சொல்ற பொது விதி. இது எனக்குத் தெரியாதான்னா, தெரியும். படிச்சிருந்தேன். நமக்கெல்லாம் வராதுன்னு நினைச்சேன்.

மச்சானைப் பத்திச் சொல்லணும். வீட்டம்மாவோட தம்பி. இந்தப் பயணமே அவனோட கனவு. நான் சும்மா ஒட்டிக்கிட்டவன். ரெண்டு வருஷமா காசு சேர்த்தான், ஆறு மாசம் ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து போய் குதிரை ஓட்டக் கத்துக்கிட்டான். 'சூ'ன்னு சொன்னா கிர்கிஸ் குதிரை கிளம்பும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். நம்மூர்ல நாயை விரட்டற அதே 'சூ'. விமானம் பூரா சூ சூன்னு சொல்லிக்கிட்டே வந்தான்.

ஏரியில இறங்கினப்போ லேசா தலைவலின்னான். டிரைவர் என்கிட்ட வந்து, ஒரு ராத்திரி இங்கயே இருக்கவான்னு சைகையில கேட்டார். அதுக்கு ஒரு தொகை சொன்னார். சென்னையில ரெண்டு பேர் சுமாரான ஹோட்டல்ல சாப்பிடற காசு. நான் வேண்டாம்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு அவனுக்குத் தலைவலி தாங்கல. ஒரு மணிக்கு வாந்தி. ரெண்டு மணிக்கு நான் போய் பார்த்தப்போ, எழுந்து நிக்க முடியாம தள்ளாடறான், "மாமா, மூச்சு வாங்குது மாமா"ங்கறான். எண்சாண் உடம்புக்கு சிரசே பிரதானம்னு சும்மாவா சொன்னாங்க! உயர நோய்க்கு உறுதியான மருந்து ஒண்ணே ஒண்ணுதான், கீழ இறங்கறது. இறங்க வண்டி இல்ல. போன்ல சிக்னல் இல்ல. அறுபது குதிரை சுத்தி மேயுது, ஒண்ணும் பிரயோஜனமில்ல. நிக்கவே முடியாதவனை எங்க குதிரை ஏத்தறது?

கூடாரக்காரம்மா இருட்டுல நடந்து போய், அடுத்த குடும்பத்துப் பெரியவரை எழுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. அவர்கிட்ட ஒரு பழைய கார் இருந்தது. முன்கண்ணாடியில விரிசல். டீசலை கேன்ல இருந்து ஊத்தினார். அந்தக் காருல, மூடுபனியில, மறுபடியும் 3447 மீட்டர் ஏறி இறங்கினோம். கீழ போறதுக்கே முதல்ல மேல ஏற வேண்டிய ஊர் அது! ஏறும்போது மச்சான் பேச்சை நிறுத்திட்டான். வீட்டம்மா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வந்தாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. முன் சீட்டுல உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஹோட்டல் பில் கணக்குதான் திரும்பத் திரும்ப ஓடிச்சு.

கணவாய் தாண்டி இறங்க இறங்க அவன் தெளிய ஆரம்பிச்சான். விடியும்போது கோச்கோர் ஆஸ்பத்திரி. பார்த்துட்டு, நல்ல வேளை இறக்கிட்டீங்க, இனி மேல போக வேண்டாம்னாங்க. அந்தப் பெரியவருக்குக் காசு கொடுத்தேன், டீசலுக்கு மட்டும் எடுத்துக்கிட்டார்.

ஒரு நாள் அங்கயே கிடந்தோம். மச்சான் "நீங்களாவது போயிட்டு வாங்க மாமா, காசு கட்டியாச்சு"ன்னான். வீட்டம்மா தம்பியோட கோச்கோர்லயே இருந்துட்டாங்க. நான் மட்டும் வழிகாட்டியோட கிசார்ட் வழியா மூணு நாள் போனேன். நல்லா இருந்ததான்னு கேட்டா, இருந்தது. கணவாய் உச்சியில குதிரையை நிறுத்திக் கீழ பார்த்தா மொத்த ஏரியும் நீலமா தெரிஞ்சது. ஆறு மாசம் பயிற்சி எடுத்தவன் கீழ படுத்திருக்கான், ஒரு நாள் கூட பயிற்சி எடுக்காதவன் மேல நிக்கறேன். அந்தப் படத்தை நான் இன்னும் அவனுக்கு அனுப்பல.

அதனால சொல்ல வர்றது

ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கறப்போ எத்தனை மணி நேரம், எவ்வளவு காசுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "இங்கிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தரைக் கீழ கொண்டு போகணும்னா எப்படி?" அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தா எந்த வழியும் நல்ல வழி. பதில் இல்லன்னா, எவ்வளவு சீப்பா இருந்தாலும் அது மண் குதிரையை நம்பி ஆத்துல இறங்கற கதைதான்.

இப்படிக் கேட்க ஆரம்பிச்சா நிறைய விஷயம் தானா மாறும். முதல் ராத்திரி கோச்கோர்லதான் தூங்குவீங்க. முடிஞ்சா ரெண்டு ராத்திரி. ஏரிக்குக் குதிரை வழியாப் போவீங்க, ஏன்னா நடுவுல ஒரு ராத்திரி தாழ்வா தூங்கக் கிடைக்குது. ஆனா குதிரை வழியில ஒரு குறை இருக்கு, அதை மறைக்கக் கூடாது. விழுந்து கை கால் உடைஞ்சா நடுவழியில கார் வந்து நிக்காது. அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே வழிகாட்டிகிட்ட, ஒவ்வொரு ராத்திரியும் தங்கற இடத்துக்குக் கார் வருமா, வராதுன்னா வர்ற இடம் எவ்வளவு தூரம், சிக்னல் எங்க கிடைக்கும்னு கேட்டுக்கங்க. ஏரிக்கரையில தங்கற ராத்திரிக்கு ஒரு டிரைவரைப் பேசி வெச்சுக்கங்க. வரவே வேண்டியிருக்காது. அந்தக் காசு வேஸ்ட் ஆகணும்னு வேண்டிக்கங்க.

பயணக் காப்பீடு எடுக்கும்போது ரெண்டு வரி தேடிப் படிங்க. குதிரை சவாரியை சாகச விளையாட்டுன்னு தள்ளி வெச்சிருக்காங்களா, எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் பொறுப்பு ஏத்துக்கறாங்க. நிறைய பாலிசியில இந்த ரெண்டுலதான் கதவைச் சாத்துவாங்க. கையில சோம் நோட்டா வெச்சுக்கங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு டீசல் ஊத்தறவர்கிட்ட கார்டு மெஷின் இருக்காது. திரும்பற விமானத்துக்கு முந்தின ராத்திரி பிஷ்கெக்ல இருக்கற மாதிரி ஒரு நாளைச் சும்மா விடுங்க. மழை பெஞ்சா கணவாய் ரோடு சேறு, அல்மாட்டி வழின்னா எல்லை க்யூ வேற.

"ஒம்பது நாள் லீவுல இதெல்லாம் ஆகுமா?" ஆகும். போக ஒரு நாள், கோச்கோர்ல ரெண்டு ராத்திரி, குதிரையில மூணு நாள், பிஷ்கெக் வர ஒரு நாள், சும்மா ஒரு நாள், திரும்ப ஒரு நாள். நான் அன்னிக்கு மிச்சம் பிடிக்கப் பார்த்த அந்த ஒரு நாள் திட்டத்துக்குள்ளயே இருந்திருக்கு.

அப்புறம், கோச்கோர்ல பார்க்க என்ன இருக்குன்னு கேட்டேன் இல்லையா? வீட்டம்மா நாலு நாள் அங்க இருந்து, கம்பளி அடிச்சு அவங்க செய்யற 'ஷிர்தாக்' விரிப்பு எப்படிச் செய்யறாங்கன்னு கத்துக்கிட்டு வந்தாங்க. ஒண்ணு வாங்கி வந்து ஹால்ல போட்டிருக்கோம். அதுல காலை வைக்கும்போதெல்லாம், "பார்க்க ஒண்ணும் இல்லாத ஊர்ல வாங்கினது, பாத்து மிதிங்க"ம்பாங்க. வாங்கிக் கட்டிக்கறேன்.

மச்சான் அடுத்த ஜூலைக்கு மறுபடியும் கிளம்பறான். டாக்டரைப் பார்த்துட்டான், ஞாயித்துக்கிழமை குதிரையும் ஆரம்பிச்சாச்சு. இந்தத் தடவை திட்டம் நான் போடல, அவனே எக்ஸெல்ல போட்டு அனுப்பினான். திறந்து பார்த்தேன். விமானம், விசா எல்லாத்துக்கும் மேல முதல் வரியில எழுதியிருந்தான்: "கீழ வர வண்டி - பேசியாச்சு."

என் பேரையும் பட்டியல்ல சேர்த்திருக்கான். அதுவே பெருசு.

டிஸ்கி: நான் மருத்துவன் இல்ல. உயர நோய்க்கு முன்கூட்டியே மாத்திரை இருக்கு, எல்லாருக்கும் ஒத்துக்காது, டாக்டரைக் கேட்டுத்தான் போடணும். மேல போனப்புறம் தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கல்னு யாராவது சொன்னா "தூங்கினா சரியாயிடும்"னு மட்டும் சொல்லிடாதீங்க. இறக்குங்க. அவ்வளவுதான்.